மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று சொன்னேன்

தோல் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "புதுசா ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்பதுதான். யோசிக்காமல் "இல்லை டாக்டர்" என்றேன். பொய் சொல்லும் எண்ணம் துளிகூட இல்லை. முந்தின நாள் இரவு 2 காப்ஸ்யூல் விழுங்கிவிட்டுத்தான் படுத்தேன், அதற்கு முன்னால் 10 நாளும் அப்படித்தான். ஆனால் அது மூலிகை. மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது, சீட்டைக் காட்டி வாங்குவது, பக்கவிளைவு உள்ளது என்று என் மனதில் தனியாக ஒரு கணக்கு இருந்தது, அந்தக் கணக்கில் இந்த டப்பா சேரவே இல்லை. அந்த ஒரு "இல்லை"யால் எனக்கு அதே தோல் தடிப்பு இரண்டாம் முறையும் வந்தது, முதல் முறையைவிட மோசமாக. இன்னொருவர் அதே "இல்லை"யைச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

சில மாதங்களாக எனக்குத் தூக்கம் சரியில்லை. விளக்கை அணைத்துப் படுத்தால் இரவு 2 மணி வரை புரண்டுகொண்டே கிடப்பேன், காலையில் தலை பாரமாக இருக்கும். அக்காதான் இந்தக் காப்ஸ்யூலைச் சொன்னாள். "நான் ஒரு வருஷமா போடுறேன், படுத்ததும் தூங்கிடுறேன். மூலிகைதானேடி, என்ன பண்ணிடப் போகுது" என்றாள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவளுக்கு அது உண்மையாகவே ஒத்துக்கொண்டது, இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களாக இருந்தாலும் ஒருவர் உடம்பு ஏற்றுக்கொள்வதை மற்றவர் உடம்பும் ஏற்றுக்கொள்ளும் என்று இல்லை. டப்பாவின் முன்பக்கம் பச்சை இலைப் படம், "100 சதவீதம் இயற்கையானது" என்ற வரி. பின்பக்கம் எறும்பு எழுத்தில் 14 சரக்குகளின் பெயர். முன்பக்கத்தைப் பார்த்தேன், பின்பக்கத்தைப் படிக்கவில்லை. 4, 5 நாளில் தூக்கம் கொஞ்சம் கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நேர்மையாக இருக்காது.

9ஆம் நாள் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றபோது காரை எலும்புக்குக் கீழே குண்டூசித் தலை அளவில் சில சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. வியர்க்குரு என்று விட்டுவிட்டேன். மறுநாள் வயிற்றிலும் முதுகிலும். அதற்கு மறுநாள் இரண்டு தொடையிலும், இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே, அளந்து வைத்தது போல. புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து திட்டுத் திட்டாக ஆயின. கையால் தடவினால் தேய்ந்த உப்புத்தாளைத் தொடுவது போல இருந்தது. பகலில் தாங்கிக்கொள்ளலாம், ராத்திரியில் அரிப்பு உயிரை வாங்கியது. சோப்பை மாற்றினேன். துணி துவைக்கும் பவுடரை மாற்றினேன். படுக்கை விரிப்பையெல்லாம் வெந்நீரில் போட்டு எடுத்தேன். அரிப்பால் தூக்கம் கெட்டதால், தூக்கத்துக்கான அந்தக் காப்ஸ்யூலை மட்டும் ஒரு நாளும் தவறாமல் போட்டுக்கொண்டேன்.

12ஆம் நாள்தான் டாக்டரிடம் போனேன். அவர் ஒரு சிறு கண்ணாடித் தகட்டை என் கைமேல் வைத்து அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடத்தில் சிவப்பு மறைந்து வெளுத்தது, தகட்டை எடுத்ததும் திரும்பி வந்தது. சிவப்பு மறைந்தால் ரத்தம் குழாய்க்குள்தான் இருக்கிறது, மறையாவிட்டால் தோலுக்குள் கசிந்திருக்கிறது, அது வேறு வகை, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். காய்ச்சல் இருந்ததா, தொண்டை வலித்ததா என்று கேட்டார், வைரஸ் காய்ச்சலிலும் இதே மாதிரி தடிப்பு வருமாம். அப்புறம்தான் மருந்து பற்றிய அந்தக் கேள்வி, என்னுடைய அந்தப் பதில். "பார்த்தா மருந்துத் தடிப்பு மாதிரிதான் இருக்கு, ஆனா நீங்க எதுவும் சாப்பிடலைங்கறீங்க" என்று கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தில்கூட எனக்கு அந்த டப்பா நினைவுக்கு வரவில்லை. அரிப்புக்கு ஒரு மாத்திரையும் பூச ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரமே டப்பாவும் தீர்ந்துபோனது. புதிது வாங்க நேரம் கிடைக்கவில்லை. 10 நாளில் தடிப்பு மங்கி, தோல் மெல்லிய செதிளாக உரிந்து சரியாகிவிட்டது. களிம்புதான் குணமாக்கியது என்று நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்குக் காரணமே இல்லை. காப்ஸ்யூல் நின்றதும் களிம்பு தொடங்கியதும் ஒரே வாரத்தில் நடந்தால், நம் கண்ணுக்குக் களிம்புதான் தெரியும்.

ஏறக்குறைய 3 வாரம் கழித்துப் புது டப்பா வாங்கினேன். இரவு 2 காப்ஸ்யூல் போட்டேன். மறுநாள் மதியமே உள்ளங்கை அரித்தது. மாலைக்குள் கழுத்திலிருந்து முழங்கால்வரை சிவந்துவிட்டது. போன முறை 9 நாள் எடுத்துக்கொண்டது, இந்த முறை ஒரு நாள்கூட ஆகவில்லை. உதட்டின் உள்பக்கம் எரிந்தது, இமைகள் கனத்தன. அக்காவிடம் வீடியோ காலில் பேசியபோது அவள் முகம் மாறிவிட்டது. "கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு பாரு, பேசிட்டு நிக்காத, கிளம்பு, நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுறேன்" என்றாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். "கடைசி 2 மாசத்துல வாயில போட்டது, குடிச்சது, பூசினது எல்லாம் சொல்லுங்க. மாத்திரை, டானிக், பொடி, லேகியம், வைட்டமின், மூலிகை டீ, ஆன்லைன்ல வாங்கினது, யாராவது குடுத்தது, எதா இருந்தாலும்." மூலிகை என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. "ஒரு காப்ஸ்யூல்..." என்று நான் இழுப்பதற்குள், பக்கத்தில் நின்ற அக்காதான் பெயரைச் சொன்னாள், எதற்காகப் போடுவது என்பதையும் சொன்னாள், சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்த இளம் டாக்டர் மாதிரியே கேளுங்கள். "மருந்து" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தினால் என்னைப் போன்றவர்கள் உண்மையாகவே "இல்லை" என்றுதான் சொல்வோம்.

பிறகு அவர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா என்று கேட்டார், என் தோள்பட்டையில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தித் தேய்த்தார். "தோல் வலிக்குதா, அரிக்குதா?" என்று இரண்டு முறை கேட்டார். அரிக்கிறது, வலிக்கவில்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. மருந்துகளால் வரும் தோல் கோளாறுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். 1922இல் அதை விவரித்த இரண்டு அமெரிக்க டாக்டர்களின் பெயர் அது. 10 லட்சம் பேரில் வருடத்துக்கு ஒரு சிலருக்குத்தான் வரும், ஆனால் வந்தால் தீக்காயம் பட்டது போல மேல்தோல் கழன்று வரும், வாயும் கண்ணும் பிறப்புறுப்பும் புண்ணாகும், உயிருக்கே ஆபத்து. அது தொடங்கும்போது சாதாரணத் தடிப்பு மாதிரியே தெரியலாம். அரிப்பைவிட வலி அதிகமாக இருந்தாலோ, தேய்த்தால் தோல் நழுவினாலோ, வாயிலும் கண்ணிலும் புண் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாதாம். எனக்கு உதட்டில் எரிச்சல் இருந்ததே தவிரப் புண் இல்லை. ஆனாலும் ஒரு இரவு வைத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்து ஈரல், சிறுநீரகம், ஒவ்வாமையில் கூடும் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை எல்லாம் பார்த்தார்கள். ஈசினோஃபில் கொஞ்சம் கூடியிருந்தது, மற்றதெல்லாம் சரி. 5 நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த இரவு வார்டில் படுத்துக்கொண்டு நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்த டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். அதில் முக்கியமானது நாள் கணக்கு. புது மருந்தால் வரும் சாதாரணத் தடிப்பு, முதல் முறை என்றால் பெரும்பாலும் தொடங்கிய 4 நாளிலிருந்து 14 நாளுக்குள் வரும். முதலில் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அந்தப் பொருளை அடையாளம் கண்டு, பழகி, பெருக வேண்டும், அதற்கு அத்தனை நாள் ஆகும். அடுத்த முறை அவை தயாராகவே காத்திருக்கும், அதனால் ஒன்றிரண்டு நாளிலேயே பாய்ந்துவிடும். எனக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான். காணாக்கடி என்று நாம் சொல்லும் திடீர்த் தடிப்பு வேறு, அது சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும், ஓர் இடத்தில் வந்த தடிப்பு 24 மணி நேரத்துக்குள் சுவடில்லாமல் மறைந்து வேறு இடத்தில் கிளம்பும். எது எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்றும் சொன்னார்: தடிப்பைச் சுற்றி பேனாவால் கோடு போட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள், மறுநாள் அதே கோட்டுக்குள் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காணாக்கடியோடு உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ அது அனஃபிலாக்சிஸ் என்ற, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை, அப்போது கோடு போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது, ஓட வேண்டும். இன்னொரு வகை 2 முதல் 8 வாரம் கழித்து வரும், அதில் காய்ச்சல், முக வீக்கம், நெறி கட்டுவது, ஈரல் பாதிப்பு எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆகவே "ஒன்றரை மாதமாகச் சாப்பிடுகிறேன், இத்தனை நாள் வராதது இப்போதா வரும்" என்ற நம் வழக்கமான வாதம் செல்லாது.

சரி, அந்த 14இல் எது செய்தது? இன்றுவரை தெரியாது. கலவை மருந்தில் இதுதான் பெரிய சிக்கல். அக்கா போய் என் வீட்டுக் குப்பைக் கூடையிலிருந்து பழைய டப்பாவைத் தேடி எடுத்து வந்தாள், புது டப்பாவையும் கொண்டுவந்தாள், கட்டிலில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். எக்கினேசியா, சீமைச்சாமந்தி என்ற இரண்டு பெயர்களில் டாக்டர் விரலை வைத்தார். இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள். சாமந்தி, பார்த்தீனியம், ராக்வீட் என்ற களைச்செடி எல்லாம் அதே குடும்பம், ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதே குடும்பத்தின் இன்னொன்றும் ஆகாமல் போகலாம். எனக்குச் சிறு வயதிலிருந்தே சாமந்திப் பூவைக் கையில் எடுத்தால் மூக்கு ஒழுகும், விரல் இடுக்கு நமைக்கும். அதையும் இந்தக் காப்ஸ்யூலையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை, எப்படித் தோன்றும், டப்பாவின் பின்பக்கத்தையே நான் படிக்கவில்லையே. ஆனால் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். மற்ற 12இல் ஒன்றாக இருக்கலாம், காப்ஸ்யூல் உறைக்குச் சேர்த்த நிறமாக இருக்கலாம், லேபிளில் எழுதாத ஒன்றாகக்கூட இருக்கலாம்.

லேபிளில் எழுதாதது என்றதும் நம்ப முடியாமல் பார்த்தேன். 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. தோல் நோய்க்கு மூலிகைக் களிம்பு என்று கொடுக்கப்பட்ட 11 களிம்புகளைச் சோதித்ததில் 8இல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது. பூசியதும் பட்டென்று குணம் தெரிகிறதே என்று குழந்தைகளின் முகத்தில்கூடப் பூசியிருக்கிறார்கள், அதே களிம்பு நாள்பட்டால் தோலை மெலிய வைத்துவிடும். மாத்திரை, பொடிகளில் ஆர்சனிக் போன்ற உலோகம் கலந்திருந்தால் நாள்பட்ட பிறகு தோலில் மழைத்துளி தெறித்தது போல வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள் வரும், உள்ளங்கை, உள்ளங்காலில் காய் காய்த்தது போலத் தடிக்கும். இது ஒவ்வாமையே இல்லை, நச்சு.

ஒட்டுச் சோதனை செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் சிறு சிறு ஒட்டுகளாக ஒட்டி, 48 மணி நேரம் நனைக்காமல் வைத்திருந்து, எடுத்துப் பார்த்து, 4ஆம் நாள் மறுபடி பார்ப்பார்கள். கைபட்டு வரும் ஒவ்வாமைக்கு அது நல்ல சோதனை. ஆனால் வாய்வழி உள்ளே போன மூலிகைக் கலவைக்கு, சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்தப் பொருள் குற்றமற்றது என்று விட்டுவிட முடியாது. மறுபடி ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாமே என்று வாய்வரை வந்தது. அவரே முந்திக்கொண்டு, "வீட்ல போய் டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன்னு ஒரே ஒரு காப்ஸ்யூல்கூட போட்டுடாதீங்க" என்றார். அடுத்த முறை எவ்வளவு கடுமையாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். ஆகவே 14க்கும் தடை. ஒரு அட்டையில் 14 பெயரையும் எழுதி, என்ன தேதியில் என்ன வந்தது என்று குறித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இந்த விஷயத்தைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லத்தான் எத்தனை பேர் தங்கள் தோலில் எதையோ வைத்துக்கொண்டு சம்பந்தமில்லாத காரணங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழி, மனச்சோர்வுக்காக செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடியிலிருந்து செய்த மூலிகை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். யாரோ 2 போட்டால் வேகமாகக் கேட்கும் என்று சொன்னதால் இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார். அவர் முகம், கழுத்துப் பள்ளம், புறங்கை எல்லாம் வெந்தது போலச் சிவந்திருந்தது. என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். கடிகாரப் பட்டைக்கு அடியில் மட்டும் தோல் பழைய நிறத்தில், ரூலர் வைத்துக் கோடு போட்ட மாதிரி. தாடைக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் ஒன்றும் இல்லை. வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் எரிந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அந்த மஞ்சள் பூவின் இதழ் ஓரத்தில் கரும்புள்ளிகள் இருக்கும், நசுக்கினால் விரல் சிவக்கும், அந்தச் சிவப்பு ஹைபெரிசின். அது ரத்தத்தில் கலந்து தோலுக்கு வந்த பிறகு வெளிச்சம் பட்டால் வினை புரிந்து தோலைப் புண்ணாக்கும். அந்தச் செடியை மேய்ந்த ஆடு மாடுகளுக்கும் இதே கதிதான், கறுப்புத் திட்டு உள்ள இடம் தப்பிவிடும், வெள்ளைத் திட்டு மட்டும் வெந்துபோகும். வழக்கமான அளவில் எல்லோருக்கும் இப்படி வருவதில்லை, அளவு கூடக் கூட, வெளிர் தோல் உள்ளவர்களுக்கு, அபாயம் கூடும். அதோடு, கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் போன்றவற்றின் வேலையையும் இது குறைத்துவிடும், ஆகவே அந்த மாத்திரைகள் போடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

கார்போகரிசி என்ற மூலிகை விதையும் வெளிச்சத்தோடு சேர்ந்து வேலை செய்வதுதான். அதில் உள்ள சோராலென் வெண்புள்ளியில் நிறம் வரவைக்க உதவும், அதே சோராலென் அளவு மீறினாலும் வெயில் மீறினாலும் கொப்புளம் கொப்புளமாக வெந்துவிடும். நன்மை செய்யும் குணமும் தீமை செய்யும் குணமும் தனித்தனியாக இல்லை, ஒரே பொருளின் ஒரே வேலைதான் இரண்டும். எனக்கு இது புரிந்தபோதுதான் "மூலிகைதானே" என்ற சொல் என் வாயிலிருந்து ஒழிந்தது. தூக்கம் வரவைக்கும் அளவுக்கு உடம்புக்குள் போய் ஒன்று வேலை செய்கிறது என்றால், வேண்டாத வேலையையும் அது செய்ய முடியும்.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், வட்டமாக, கருஞ்சிவப்பாக ஒரு படை வந்து, ஆறிய பிறகு கறுப்புத் தழும்பு விட்டுப் போனால், அது நீங்கள் விட்டுவிட்டுச் சாப்பிடும் ஏதோ ஒன்றால் வருகிறது என்று சந்தேகப்படுங்கள், அஸ்வகந்தாவால் இப்படி வந்ததாக மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மல்டிவைட்டமின் போட்ட அரை மணியில் முகமும் காதும் ஜிவ்வென்று சிவந்து சூடானால் அது பெரும்பாலும் அதில் உள்ள நியாசின் என்ற பி3 வைட்டமினால், ஒவ்வாமை அல்ல, 30 மில்லிகிராமிலேயே சிலருக்கு அப்படி ஆகும். காவா என்ற வேரை நாள்கணக்கில் நிறைய எடுப்பவர்களுக்குத் தோல் வறண்டு மீன் செதில் போல ஆகும். தேனீ சம்பந்தப்பட்ட ராயல் ஜெல்லி, புரோபோலிஸ், மகரந்தம் மூன்றும் ஆஸ்துமா, மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தாக முடியலாம். லூபஸ் போன்ற, உடம்பே தன்னைத் தாக்கும் நோய் உள்ளவர்கள் "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று எழுதிய எதையும், குறிப்பாக ஸ்பைருலினா, எக்கினேசியா, அல்ஃபால்ஃபா, கேட்காமல் எடுக்கவே வேண்டாம், அடங்கியிருந்த நோய் கிளம்பிவிடலாம். பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் கட்டினால் அமிலம் பட்டது போலப் புண்ணாகும், அதைத் தடிப்பின் மேலேயே கட்டிக்கொள்ளச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தடிப்பின் மேல் இன்னொரு மூலிகையைப் பூசாதீர்கள். எதனால் வந்தது என்பதே அப்புறம் தெரியாமல் போய்விடும்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், வாயில் போடும் எதுவானாலும் தொடங்கும் தேதியை மார்க்கரால் மூடியிலேயே எழுதிவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான் புதிது, அடுத்ததற்கு 2 வாரமாவது இடைவெளி, அந்த 4 முதல் 14 நாள் கணக்கு தாண்டட்டும் என்று. கூடுமானவரை ஒரே சரக்கு உள்ளதாகப் பார்க்கிறேன், 14, 20 என்று சேர்த்தது வேண்டவே வேண்டாம். லேபிளின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைக்கிறேன், டப்பா தீர்ந்தாலும் ஒரு மாதம் தூக்கிப் போடுவதில்லை. தோலில் ஏதாவது வந்தால் அன்றே அதை நிறுத்திவிட வேண்டும். ஆனால் ரத்த அழுத்தம், வலிப்பு, சர்க்கரை என்று டாக்டர் கொடுத்த மருந்துகளை மட்டும் நாமாக நிறுத்தக் கூடாது, உடனே அவரைக் கேட்க வேண்டும். தினமும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் தடிப்பு மறைந்திருந்தால் அந்தப் படம்தான் பேசும். போகும்போது பெயரைச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள், டப்பாவையே கையில் கொண்டுபோங்கள்.

டப்பா ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த இளம் டாக்டர் எனக்கு வந்ததை மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புக்கு ஒரு படிவமாக நிரப்பி அனுப்பினார். உலக சுகாதார நிறுவனம் 1968இல் தொடங்கிய திட்டம் அது. நாடு நாடாகச் சேரும் தகவல்களெல்லாம் ஸ்வீடனில் உப்சாலா என்ற ஊரில் உள்ள மையத்துக்குப் போகின்றன, மூலிகை மருந்துகளையும் அதில் சேர்க்கிறார்கள். தாலிடோமைட் என்ற மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனமாகப் பிறந்த பிறகுதான் இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று உலகத்துக்குத் தோன்றியது. பல நாடுகளில் நோயாளியே நேரடியாகவும் இந்தத் தகவலை அனுப்பலாம். அந்தப் படிவத்தில் தயாரிப்புத் தொகுதி எண்ணைக் கேட்கிறார்கள், அந்த எண் டப்பாவில் மட்டும்தான் இருக்கும். அக்கா குப்பைக் கூடையில் கைவிட்டு எடுத்திருக்காவிட்டால் முதல் டப்பாவின் எண் எங்களிடம் இருந்திருக்காது.

4 மாதம் ஆகிறது. தொடையில் பழுப்பு நிறத் திட்டுகள் இன்னும் இருக்கின்றன, மெல்ல மெல்ல மங்குகின்றன, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அவளுடைய காப்ஸ்யூலைத் தொடர்கிறாள், ஆனால் தன்னுடைய டாக்டரிடம் டப்பாவைக் காட்டிவிட்டு, மூடியில் தேதி எழுதிவிட்டு.

தூக்கம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதற்கென்று தனியாக ஒரு டாக்டரைப் பார்த்தேன். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் மாத்திரை கொடுப்பதில்லை, தூக்கப் பழக்கத்தை மாற்றும் பயிற்சியைத்தான் கொடுப்பார்கள் என்றார். தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, 20 நிமிடம் போல வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது. முதல் 2 வாரம் கண் எரிந்தது, பகலெல்லாம் தள்ளாடினேன். 6ஆம் வாரத்திலிருந்து 11 மணிக்கு விளக்கை அணைத்தால் அரை மணிக்குள் தூங்கிவிடுகிறேன்.